ஊர்ப்பெயர் தாங்கும் உணவுகள்: மலேசியத் தமிழர் உணவுமரபு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

ஓர் ஊரின் பெயரைக் கேட்டவுடன் ஓர் உணவின் பெயர் நினைவில் எழுவது மக்கள் வழக்கில் இயல்பாக நிகழ்வதாகும். திருநெல்வேலி என்றால் அல்வாவும், மணப்பாறை என்றால் முறுக்கும், திருவில்லிபுத்தூர் என்றால் பால்கோவாவும், பழனி என்றால் பஞ்சாமிர்தமும் தமிழகத்தாருக்கு நினைவில் வரும். மலேசியாவில் வாழும் நமக்கோ ஈப்போ வெள்ளைக் காப்பி, காஜாங் சாத்தே, கிள்ளான் பாக் குத் தே, மூவார் ஒத்தா ஒத்தா, பினாங்கு நாசி கண்டார் என ஒரு பட்டியல் கைவசம் உண்டு. வெளியூர் சென்று திரும்புபவரிடம், அவ்வூரின் சிறப்புணவை வாங்கி வந்தீரா என்று வினவுவது நம் வீடுகளில் வழக்கமாகவே இருந்து வருகிறது.

இப்பட்டியலைச் சற்று ஊன்றி நோக்குவோமாயின் ஒரு வினா எழுகிறது. மலாயாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழருள் பெரும்பான்மையோர் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். எனினும், தோட்டத்தில் பிறந்த ஓர் உணவுகூட ஊர்ப்பெயருடன் நாடறிந்த உணவாக நிலைபெறவில்லை. தொகையால் சிறுபான்மையினரான துறைமுகத் தமிழ் முசுலிம் வணிகர்களின் உணவோ பினாங்கின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதையும், அதனால் மலேசியத் தமிழர் இழப்பது யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இலக்கியத்தில் நிலமும் உணவும்

உணவை நிலத்தோடு பொருத்திப் பார்க்கும் நோக்கு தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்குமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவையே வைக்கின்றது. ஒரு நிலத்தின் மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு உணவும் அந்நிலத்தை இனங்காட்டும் பொருளாகக் கொள்ளப்பட்டது. இவ்வகையில் சிறுபாணாற்றுப்படை தரும் செய்திகள் குறிப்பிடத்தக்கன. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு வழிகூறும் நத்தத்தனார், அவன் தங்கும் ஊர்தோறும் கிடைக்கும் உணவையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். கடற்கரை ஊராகிய எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் ஆமான் இறைச்சியோடு கூடிய புளிச்சோறும், மருதநிலத்து ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் கிடைக்கும் என்பது அந்நூல் தரும் குறிப்பாகும்.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அவ்வுணவுகளை நமக்கு அறிவிப்பவர் அவ்வூரார் அல்லர். அவ்வூர் வழியே சென்றவனை முன்னிறுத்திப் பாடும் புலவரே ஆவார். ஓர் உணவுக்கு ஊர்ப்பெயர் நிலைபெற வேண்டுமாயின் வெளியூரார் ஒருவர் அதனை உண்டு, பிற இடத்தில் எடுத்துரைக்க வேண்டும். உள்ளூரார்க்கு அது வெறும் உணவே; வெளியூரார் நாவில்தான் அது ஊரின் உணவாகிறது. இவ்வுண்மை பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படையாக அமைகின்றது.

ஊரும் உணவும் இணையும் முறை

ஓர் உணவு ஓர் ஊரின் பெயரைத் தாங்குவதற்கு மூன்று சூழல்கள் துணைபுரிகின்றன எனலாம். முதலாவது, அவ்வூரின் விளைபொருளோ தொழிலோ அவ்வுணவுக்குத் தேவையை உண்டாக்குதல். இரண்டாவது, அயலாரும் காசு கொடுத்து வாங்கி உண்ணத்தக்க பொது விற்பனை இடம் அமைதல். மூன்றாவது, அவ்வுணவையோ அதன் புகழையோ சுமந்து செல்லும் பயணிகள் வந்துபோகும் வழி இருத்தல்.

ஈப்போவை எடுத்துக்கொள்வோம். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய வளம் அவ்வூரைச் செல்வ நகரமாக்கியது. அங்குக் குடியேறிய ஐனானியச் சீனர்கள் கோப்பிக்கடைகளை நடத்தினர். வழக்கமான கறுப்புக் காப்பிக் கொட்டை சர்க்கரை சேர்த்துக் கருக வறுக்கப்படுவது. ஈப்போவிலோ செம்பனை எண்ணெய் மார்ஜரின் மட்டும் சேர்த்து இளவறுப்பாக வறுத்து, கெட்டிப்பாலுடன் வழங்கினர். நிறம் வெளிறியிருந்தமையால் அது வெள்ளைக் காப்பி எனப் பெயர்பெற்றது. காஜாங்கின் சாத்தேவைப் புகழ்பெறச் செய்தவர்கள் சாவகத்திலிருந்து குடியேறிய மரபினர். கோலாலம்பூருக்கு அண்மையில் அவ்வூர் அமைந்திருந்தமை தலைநகரத்தாரை அங்கு வரவழைத்தது. கிள்ளானின் பாக் குத் தே, துறைமுகப் பகுதியில் உழைத்த ஹொக்கியன் சீனத் தொழிலாளர்களோடு தொடர்புபடுத்திக் கூறப்படுகிறது. இம்மூன்றிலும் தொழில், கடை, பயணவழி என்னும் மூன்றும் ஒருங்கே இருந்தமை தெளிவு.

தமிழகத்திலும் இதே நிலையைக் காண்கிறோம். மணப்பாறை முறுக்கின் புகழைப் பரப்பியதில் அவ்வூர் இரயில் நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு. திருச்சிராப்பள்ளிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே சென்ற பயணிகள் வண்டி நின்ற சிறு பொழுதில் முறுக்கை வாங்கி ஊர்தோறும் கொண்டுசென்றனர். கோவில்பட்டியின் கடலைமிட்டாய்க்கு அவ்வட்டாரக் கரிசல் நிலத்தின் நிலக்கடலையே மூலப்பொருளானது. பழனியின் பஞ்சாமிர்தத்தை ஊர்தோறும் சேர்ப்பித்தவர்கள் அடியார்கள் ஆவர்.

பினாங்கும் நாசி கண்டாரும்

பினாங்குத் தீவில் 1786ஆம் ஆண்டு ஆங்கிலேயர் குடியேற்றம் ஏற்பட்ட பின்னர், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முசுலிம்கள் பலர் அங்கு வந்து வணிகராகவும் துறைமுகத் தொழிலாளராகவும் நிலைகொண்டனர். 1801ஆம் ஆண்டில் தோற்றம் பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சூலியா தெருவும், நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்காவும் அவர்தம் செல்வாக்குக்குச் சான்றுகளாக இன்றும் நிற்கின்றன. நாகூர், இராமநாதபுரம், கடையநல்லூர் முதலிய ஊர்களோடு இவர்கள் தொடர்பு கொண்டிருந்தனர்.

நாசி என்பது மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் தடி தாங்கிச் சுமப்பதைக் குறிக்கும். தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் கறிப் பானைகளும் தொங்க, விடியற்காலையில் துறைமுகத் தொழிலாளருக்குப் பசியாற உணவு விற்றவர்கள் இத்தமிழ் முசுலிம்களே. தமிழில் இச்சுமைத்தடிக்குக் காவடி என்று பெயர். முருகன் அடியார் தோளில் ஏறிய காவடி தைப்பூசத்தின் அடையாளமாயிற்று. உணவு விற்றவர் தோளில் ஏறிய காவடி ஒரு மலாய்ப் பெயரைப் பெற்றுப் பினாங்கின் அடையாளமாயிற்று. இரண்டும் ஒரே தீவில், ஒரே மொழி பேசியவர் தோள்களில் ஏறியவை என்பது எண்ணத்தக்கது.

உணவின் அமைப்பிலும் அவ்வூரின் தன்மையைக் காண்கிறோம். கோழி, மீன், கணவாய், முட்டை, வெண்டைக்காய் எனத் தனித்தனியே சமைத்த கறிகளை அடுக்கி வைத்து, உண்பவர் விரும்பியவற்றைச் சோற்றின்மேல் இடுவர். பல குழம்புகளையும் கலந்து ஊற்றுவர். அவ்வாறு மிகுதியாகக் குழம்பு ஊற்றுமாறு கேட்பவர் வெள்ளம் எனப் பொருள்படும் பஞ்சிர் என்ற மலாய்ச் சொல்லை ஆளுவர். தமிழ்நாட்டுப் பந்தியில் சாம்பார், இரசம், மோர் என ஒன்றன்பின் ஒன்றாக உண்ணும் முறைக்கு இது மாறுபட்டது. வேலைக்கு விரைபவர் ஒரே தட்டில் எல்லாவற்றையும் உண்டு எழ வேண்டிய துறைமுக வாழ்க்கை இம்முறைக்கு இடந்தந்தது என நாம் கருதலாம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் அதன் வாடிக்கையாளராயினர். இன்று கோலாலம்பூரில் உள்ள நாசி கண்டார் கடைகள்கூடத் தம் பெயர்ப்பலகையில் பினாங்கு என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்கின்றன. ஊர்ப்பெயரே உணவுக்குச் சான்றிதழாகிவிட்ட நிலை இது.

உணவின் பெயரைத் தாங்கிய ஊர்

ஈப்போ நகரில் இந்தியர் செறிந்து வாழும் புந்தோங் பகுதியில் கம்போங் கச்சாங் பூத்தே என்றொரு குடியிருப்பு உள்ளது. கச்சாங் என்பது மலாயில் கடலை, பயறு ஆகியவற்றைச் சுட்டும்; பூத்தே என்றால் வெள்ளை. பிற இடங்களில் ஊர் தன் பெயரை உணவுக்கு அளித்தது. இங்கோ உணவு தன் பெயரை ஊருக்கு அளித்துள்ளது.

இக்குடியிருப்பின் முன்னோர் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் என்று அறியப்படுகிறது. வறுத்த கடலை, பொரித்த பருப்பு வகைகள், முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா முதலியவற்றை வீட்டில் செய்து, தட்டுகளில் சுமந்து சென்று விற்பது இவர்களின் தொழிலாக இருந்தது. எட்டயபுரம் கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ள ஊராகும். கடலையைக் கொண்டு பிழைக்கும் கரிசல் நிலத்தாரின் கைத்திறன் கடல்கடந்து வந்து, ஈயநகரமாகிய ஈப்போவில் கூலித் தொழிலாளர், திரையரங்குக் கூட்டம், பள்ளிப் பிள்ளைகள் எனப் புதிய வாடிக்கையாளரைக் கண்டடைந்தது. சிங்கப்பூரிலும் திரையரங்க வாயில்களில் தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் கடலை விற்ற இந்தியர்களை முதியோர் பலர் நினைவுகூர்வர்.

புந்தோங்கின் சிறப்பு யாதெனில், தெருத்தெருவாகச் சென்று விற்றவர்கள் ஓரிடத்தில் குழுமி வாழ்ந்தமையும், அவ்விடத்துக்கே வாடிக்கையாளர் தேடிவரும் நிலை உருவானமையுமாகும். தீபாவளிக் காலத்தில் மட்டுமின்றிச் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகிய நாள்களுக்கும் பல இனத்தாரும் அங்குச் சென்று பலகாரம் வாங்குகின்றனர். விற்பனை இடமும் பயணியும் அமைந்தவிடத்துத் தமிழகத்துப் பலகாரம் மலேசிய ஊர்ப்பெயராகவே வேரூன்றும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஊர்ப்பெயர் பெறாத உணவுகள்

இவ்விரு சான்றுகளின் ஒளியில் தோட்டத்தைப் பார்ப்போம். தோட்டத்தில் தனித்த உணவுமரபு இல்லாமலில்லை. வைகறையில் பால்மரம் வெட்டச் செல்வோர் வெளிக்காட்டில் உண்பதற்கெனக் கொண்டுசென்ற பழஞ்சோறும் துவையலும், லயத்து வீட்டின் பின்புறம் விளைந்த முருங்கைக் கீரையும், ஆற்றில் பிடித்த மீனும், கருவாட்டுக் குழம்பும் அதன் கூறுகள். 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, மரவள்ளிக் கிழங்கே உயிர்காத்தது. அக்காலத்து நினைவால் அக்கிழங்கைத் தொடவும் விரும்பாத முதியோரும் உண்டு. அதனையே விரும்பி உண்போரும் உண்டு. அயலாரோடு பழகியதன் பயனாகப் பெலாச்சானும் சம்பலும் தமிழர் அடுக்களையில் இடம்பெற்றன. ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவில் வார்க்கப்பட்ட கூழ் தோட்டத்தாரை ஒன்றுகூட்டியது.

இவ்வளவு இருந்தும் ஊர்ப்பெயர் அமையவில்லை. தோட்டம் தனியார் உடைமை. அயலார் வந்து உண்ணத்தக்க கடைத்தெரு அங்கில்லை. தோட்டக் கடையும் கடனுக்குப் பொருள் தரும் மளிகைக் கடையாகவே இருந்தது. உறவினரைத் தவிர வேறு விருந்தினர் அங்கு வருதல் அரிது. ஆகவே, நாம் முன்னர்க் கூறிய மூன்று சூழல்களுள் இரண்டும் மூன்றும் தோட்டத்தில் இல்லாதொழிந்தன. சமைத்தவரும் உண்டவரும் ஒருவராகவே இருந்தமையால், எடுத்துரைக்கும் வெளியூரார் இல்லை.

இதனினும் பெரிய தடை ஒன்று பின்னர் வந்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அந்நிலையை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் குறைந்து செம்பனை பெருகியதாலும், நகர்கள் விரிந்து தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதாலும் மக்கள் சிதறினர். ஊரே இல்லாமற் போனபின் அதன் பெயரை எந்த உணவு தாங்கும்? நாசி கண்டாருக்குப் பினாங்கு இருக்கிறது. கச்சாங் பூத்தேக்குப் புந்தோங் இருக்கிறது. தோட்டத்துச் சமையலுக்கு உரிய ஊரோ பல இடங்களில் நிலப்படத்திலேயே இல்லை.

மலாக்கா செட்டிகளின் நிலை மற்றொரு வகையானது. மலாக்கா சுல்தானியக் காலத்தில் வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களாகிய இவர்கள் மலாய் மொழி பேசி, சைவ சமயத்தைப் போற்றி, காஜா பெராங் பகுதியில் வாழ்கின்றனர். பொங்கலை ஒட்டிய நாளில் முன்னோருக்குப் படையலிடும் பார்ச்சு என்னும் சடங்கில் வாழையிலைமேல் பல உணவுகள் பரப்பப்படுகின்றன. தேங்காய்ப்பாலும் பெலாச்சானும் இந்திய மசாலையும் கலந்த தனித்த சமையல் இவர்களுடையது. ஊர் நிலைத்திருந்தும் அவ்வுணவு நெடுங்காலம் வீட்டுக்கும் சடங்குக்கும் உரியதாகவே இருந்தது. அதனால், மலாக்கா என்றதும் பலருக்குக் கோழிச்சோற்று உருண்டை நினைவில் வருமளவுக்குச் செட்டிகளின் உணவு நினைவில் வருவதில்லை.

சட்டமும் ஏற்பும்

இவ்வேறுபாடு வெறும் பெயர் பற்றியதா என்னும் ஐயம் எழலாம். அன்று என்பதே எம் கருத்து. இக்காலத்தில் உணவு அரசின் ஏற்புக்கும் சட்டப் பாதுகாப்புக்கும் உரிய பொருளாகிவிட்டது. இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ப் பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் பதிவுபெற்றன. மலேசியாவில் தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2024 பிப்ரவரியில் பாக் குத் தே உள்ளிட்ட சில உணவுகள் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்டபோது, ஒரு சமூகத்தின் உணவு நாட்டின் உணவாகலாமா என்பது குறித்துப் பெரும் விவாதமே எழுந்தது. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு 2020இலும், மலேசியாவின் பசியாறல் பண்பாடு 2024இலும் யுனெசுகோவின் பட்டியலில் இடம்பெற்றன.

பின்னதில் நாசி லெமாக், தே தாரெக் ஆகியவற்றோடு ரொட்டி சானாயும் எடுத்துக்காட்டப்பட்டமை நமக்கு மகிழ்ச்சி தருவது. எனினும், சானாய் என்னும் சொல்லின் மூலம் சென்னையா, மாவைத் தேய்த்து மெலிதாக்குதலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லா என்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. சிங்கப்பூரில் அதுவே ரொட்டி பிராட்டா எனப்படுகிறது. நாடு முழுவதற்கும் உரியதாகிவிட்ட ஓர் உணவு தன் ஊரை இழந்துவிடுகிறது. ஊரை இழந்தபின் அதனைக் கொண்டுவந்தவர் யார் என்பதும் மங்கிவிடுகிறது. பதிவும் ஏற்பும் ஊரையும் ஆவணத்தையும் நாடிச் செல்பவை. எழுதிவைக்கப்படாத தோட்டத்து உணவு எப்பட்டியலிலும் தானாக இடம்பெறப் போவதில்லை. அதனோடு, இந்நாட்டின் நிலத்தில் வேரூன்றிச் சமைத்து வாழ்ந்தோம் என்பதற்குரிய ஒரு சான்றும் மறைந்துவிடும்.

தமிழாசிரியரின் பங்கு

இங்குத்தான் தமிழ்ப்பள்ளிகளின் பங்கு முதன்மை பெறுகிறது. தோட்டம் அழிந்த பின்னும், வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பின்னும், தமிழ்ப்பள்ளிகள் பல தம் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பல தோட்டங்களின் பெயரை இன்று சுமந்திருப்பது அப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளே. ஆதலின், அத்தோட்டத்து உணவைப் பதிவுசெய்யத் தக்க இடமும் அப்பள்ளியே ஆகும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மாணவர்கள் தம் பாட்டனார், பாட்டியாரிடம் சில எளிய வினாக்களைக் கேட்டு எழுதி வரலாம். எத்தோட்டத்தில், எந்த ஆண்டுகளில் வாழ்ந்தீர்கள். வெளிக்காட்டில் என்ன உண்டீர்கள். எந்தக் கீரையை எங்கிருந்து பறித்தீர்கள். அதற்கு நீங்கள் வழங்கிய பெயர் யாது. திருவிழாவில் யார் சமைத்தார் என்பன போதுமானவை. பெயரை வினவுவது இன்றியமையாதது. மலாய், சீனம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றோடு கலந்து தோட்டத்தில் வழங்கிய சொற்கள் அகராதியில் ஏறாமலே மறைந்து வருகின்றன. கட்டுரைப் பயிற்சி, நேர்காணல், சொற்றொகுப்பு ஆகிய மொழிப்பாடக் கூறுகள் அனைத்தையும் இவ்வொரு பணியின்வழி ஆசிரியர் கற்பிக்க இயலும். திரட்டியவற்றைத் தோட்டத்தின் பெயரை முதன்மைத் தலைப்பாக இட்டு அடுக்கி வைப்பின், பிற்கால ஆய்வாளருக்கு அது மூல ஆவணமாகும்.

முடிவுரை

ஊர்ப்பெயர் தாங்கும் உணவுகள் சுவையால் மட்டும் புகழ்பெறுவதில்லை என்பதையும், தொழிலும் கடைத்தெருவும் பயணியும் கூடியவிடத்தே அவை உருவாகின்றன என்பதையும் இதுகாறும் கண்டோம். பினாங்கிலும் புந்தோங்கிலும் அச்சூழல் வாய்த்தது, தோட்டத்தில் வாய்க்கவில்லை. தோட்டத்துச் சமையல் சுவையிலோ தனித்தன்மையிலோ குறைந்ததன்று. அதனை உண்டு சென்று பிறர்க்கு எடுத்துரைப்பார் இல்லாமையே அதன் குறை. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வழிநடந்தமையால் எயிற்பட்டினத்து மீனையும் ஆமூரின் சோற்றையும் இன்றும் நாம் அறிகிறோம். தோட்டத்தில் வாழ்ந்து சமைத்த தலைமுறையினர் நம்மிடையே இருக்கும் இக்காலத்திலேயே அவர்களிடம் கேட்டு எழுதும் பணியைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் மேற்கொள்ளுதல் வேண்டும். வரும் பள்ளித் தவணையிலேயே இதனைத் தொடங்குதல் இயலும்.